முடியும் முடிவும்: மூலநிரலை நிறமூட்டித் திரைக்கும் தாளுக்கும் கொண்டுவருதல்

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் என்னிடம், மூதூரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தம் செயற்றிட்ட அறிக்கையைப் பார்வையிடத் தந்தார். அவர் பைதன் மொழியில் எழுதிய நிரல் பின்னிணைப்பாக எட்டுப் பக்கங்களில் இருந்தது. நிரல் எழுதும் செயலியின் கறுப்புத் திரையை அப்படியே படம்பிடித்து, ஆவணத்தில் ஒட்டி, பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள கடையொன்றில் அச்சிட்டிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் கைப்பட்டால் ஒட்டும் அளவுக்கு ஒரு கரும்பட்டை. அதற்குள் ஒன்றோடொன்று வேறுபாடு தெரியாத சாம்பல் எழுத்துகள். “ஸ்கிரீனில வடிவாத் தெரிஞ்சது, சேர்” என்றார் அவர். அவர் சொன்னது உண்மை. திரையில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது தாளில் ஏன் தெரியவில்லை என்பதை அன்று அவருக்கு விளக்கினேன். அந்த விளக்கத்தையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஓர் உண்மையை உறுதியாகப் பற்றிக்கொள்ள வேண்டும். மூலநிரல் என்பது வெறும் எழுத்துகளின் வரிசை. நிரல் எழுதும் செயலியில் நீலமாகவும் பச்சையாகவும் தெரிகின்ற சொற்களுக்கு, சேமித்த கோப்பில் எந்த நிறமும் கிடையாது. செயலி அந்தக் கோப்பைப் படித்து, எந்தச் சொல் என்ன வகையைச் சேர்ந்தது என்று அந்தக் கணத்திலேயே தீர்மானித்து நிறம் பூசிக் காட்டுகிறது. ஆகவே கோப்பை வேறோர் இடத்துக்குக் கொண்டுசென்றால் எழுத்து போகும், நிறம் போகாது. நிறத்தோடு சேர்த்து அனுப்ப வேண்டுமானால், வகைகளைக் கண்டறியும் அந்த வேலையை நாமே ஒரு கருவியைக் கொண்டு செய்வித்து, அதன் விளைவை இணையப் பக்கமாகவோ அச்சுக்குரிய ஆவணமாகவோ எழுதுவிக்க வேண்டும். தொடரியல் நிறமூட்டல் என்று சொல்லப்படுவது இதுவே.

தமிழ் நூல்களைப் படித்தவர்களுக்கு இது புதிய பழக்கம் அன்று. உரையோடு கூடிய பழைய பதிப்புகளில் மூலச் செய்யுள் பெரிய, தடித்த எழுத்திலும் உரை சிறிய எழுத்திலும் அமைந்திருக்கும். வாசிப்பவர் ஒரு சொல்லையேனும் படிப்பதற்கு முன்பே எது பாட்டு, எது உரை என்று கண் பிரித்துக்கொள்ளும். நிரலிலும் அவ்வாறே, கணினிக்கு இடும் கட்டளையும் மனிதருக்கு எழுதும் குறிப்பும் அருகருகே நிற்கின்றன. 1960இல் வெளியான அல்கோல் என்னும் நிரல்மொழியின் அறிக்கையிலேயே மொழிக்குச் சொந்தமான சொற்கள் தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டன. திரையில் நிறம் வந்தது பிற்காலத்தில்: ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய மைக் கௌலிஷோ 1985இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிப் பணிக்காக உருவாக்கிய லெக்ஸ் என்னும் உரை எழுதும் செயலி, எழுத்தைத் தட்டச்சும்போதே பகுத்து நிறத்தில் காட்டியது. தாளில் தடிப்பு முந்தியது, திரையில் நிறம் பிந்தியது என்ற இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சைப் பற்றிப் பேசும்போது உதவும்.

இனி ஒரு சிறு நிரலை நெருங்கிப் பார்ப்போம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழியில் கட்டளைகள் தமிழிலேயே அமைந்திருப்பதால், அதை எடுத்துக்கொள்கிறேன். கன்னியாவிலுள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளில் மூன்றாவதன் வெப்பநிலையைச் சோதிப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

```
# மாதிரி எண் மட்டுமே, அளந்தது இல்லை
வெப்பம் = 38
@( வெப்பம் > 37 ) ஆனால்
    முடிவு = "கிணறு #3 சூடு"
இல்லை
    முடிவு = "கிணறு #3 மிதம்"
முடி
பதிப்பி முடிவு
```

இந்த எட்டு வரிகளில் உள்ளவற்றை வகைப்படுத்தினால், “ஆனால்”, “இல்லை”, “முடி”, “பதிப்பி” ஆகியவை மொழி தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்கள். “வெப்பம்”, “முடிவு” ஆகியவை மதிப்புகளை வைத்திருக்க நாம் பெயரிட்ட மாறிகள். 38, 37 ஆகியவை எண்கள். இரட்டை மேற்கோளுக்குள் இருப்பவை சரங்கள். முதல் வரி மனிதருக்கான குறிப்பு. எஞ்சியவை செயற்குறிகளும் அடைப்புகளும். இவ்வாறு பிரிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டையும் நிரலாளர்கள் ரோக்கன் என்பார்கள். நான் இங்கே கூறு என்று எழுதுகிறேன். பிரிக்கும் நிரற்பகுதிக்குப் பகுப்பான் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

பகுப்பான் எப்படிப் பிரிக்கிறது? “இல்லை” என்ற சொல் எங்கே வந்தாலும் அதை நீலமாக்கு என்று சொல்லிவிட்டால் போதும் என்றுதான் தொடக்கத்தில் எல்லோருக்கும் தோன்றும். அவ்வாறு செய்தால் முதல் வரியின் குறிப்பில் இயல்பான தமிழ்ச் சொல்லாக வந்த “இல்லை”யும் நீலமாகிவிடும். அதேபோல, # குறியிலிருந்து வரி முடியும்வரை குறிப்பு என்று மட்டும் சொன்னால், “கிணறு #3 சூடு” என்ற சரத்தின் நடுவிலிருந்து குறிப்பு தொடங்கிவிடும். ஆகவே பகுப்பான் கோப்பின் முதல் எழுத்திலிருந்து ஒரே திசையில் நடந்து வருகிறது. நிற்கும் இடத்தில் எந்த விதி பொருந்துகிறது என்று பார்க்கிறது. பொருந்திய துண்டை முழுவதுமாக விழுங்கிவிட்டு, அது முடிந்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்குகிறது. # குறியை முதலில் கண்டால் வரி முழுவதும் குறிப்பாகிவிடுகிறது. அதற்குள் உள்ள “இல்லை”யைத் தனியாகச் சோதிக்கும் வாய்ப்பே எழுவதில்லை. மேற்கோளை முதலில் கண்டால் அடுத்த மேற்கோள் வரை சரம். அதற்குள் உள்ள # வெறும் எழுத்து. எது முதலில் திறக்கிறதோ அதுவே மூடும்வரை ஆட்சி செய்கிறது. பல வரிகளுக்கு நீளும் குறிப்புகள் உள்ள மொழிகளில், “நான் இப்போது குறிப்புக்குள் இருக்கிறேன்” என்ற நிலையையும் பகுப்பான் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஒரு மேற்கோளை மூட மறந்தால் சில மொழிகளில் கோப்பின் எஞ்சிய பகுதி முழுவதும் ஒரே நிறமாக மாறுவது இதனால்தான். பிழையைக் கண்ணுக்குக் காட்டும் அந்தக் குணத்துக்காகவே தொடக்க மாணவர்கள் நிறமூட்டலைப் பயன்படுத்த வேண்டும் என்பேன்.

விதிகளை எழுதுவதற்குப் பெரும்பாலான கருவிகள் ரெகுலர் எக்ஸ்பிரஷன் என்னும் வடிவக் குறியீட்டைப் பயன்படுத்துகின்றன. “இலக்கங்கள் ஒன்றோ பலவோ”, “சொல்லெழுத்துகள் ஒன்றோ பலவோ”, “இந்த இடத்தில் சொல்லின் எல்லை” என்பவற்றையெல்லாம் அதில் மிகச் சுருக்கமாக எழுதலாம். தமிழில் நிரல் எழுதுவோரும், தமிழ் மாறிப் பெயர்களை இடுவோரும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பைதன் மொழியே 2008இல் வந்த மூன்றாம் பதிப்பிலிருந்து தமிழ் மாறிப் பெயர்களை ஏற்கிறது என்பதால், இது எழிலுக்கு மட்டும் உரிய பிரச்சினை அன்று.

நாம் இரண்டெழுத்தாகக் காணும் “முடி” உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியீடு தரும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடுகளாகச் சேமிக்கப்படுகிறது: ம, உகரக் குறி, ட, இகரக் குறி. பைதனோடு இயல்பாக வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் தொகுதி, “சொல்லெழுத்து” என்ற வகைக்குள் ம, ட போன்ற எழுத்துகளைச் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் அவற்றோடு ஒட்டி நிற்கும் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சேர்ப்பதில்லை. அதனிடம் “தமிழ்” என்ற சொல்லைக் கொடுத்துச் சொல்லெழுத்துகளைத் திரட்டச் சொன்னால் “தம”, “ழ” என்று இரண்டு துண்டுகள் வரும். இதன் விளைவை நம் நிரலில் பாருங்கள். “சொல்லெல்லை, முடி, சொல்லெல்லை” என்று விதி எழுதினால், தனியாக நிற்கும் “முடி” அகப்படாது. ஏனெனில் அதன் இறுதியிலுள்ள இகரக் குறியும் அடுத்துவரும் வெற்றிடமும் இரண்டுமே சொல்லெழுத்து அல்லாதவை, ஆகவே அங்கே எல்லை இல்லை என்று கருதப்படுகிறது. “முடிவு” என்ற மாறியிலோ, இகரக் குறிக்குப் பின் “வ” என்ற சொல்லெழுத்து வருவதால் எல்லை இருப்பதாகக் கொண்டு, அதன் முதல் இரண்டு எழுத்துகளுக்கு நிறம் பூசப்படும். நிறம் பெற வேண்டிய சொல் வெறுமனே நிற்க, பெறக் கூடாத சொல் பாதி நிறத்தோடு நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் சொல்லெல்லைக் குறி ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே அறியும் என்பதால், அங்கே இந்த விதி இரண்டிடத்திலும் பொருந்தாமலே போய்விடும்.

இதைத் தீர்ப்பது கடினமன்று. தெரியாமல் விட்டால்தான் துன்பம். யூனிகோடில் தமிழுக்கென ஒதுக்கப்பட்ட 128 இடங்களின் வீச்சை முழுமையாகக் குறிப்பிட்டு, அந்த வீச்சுக்குள் வரும் எதுவும் சொல்லின் உறுப்பே என்று விதியை எழுதலாம். அதன்பின் முழுச் சொல்லையும் முதலில் எடுத்துக்கொண்டு, அது ஒதுக்கப்பட்ட சொற்களின் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுச் சொல்லை எடுத்த பிறகு பட்டியலைப் பார்ப்பது என்னும் இந்த ஒழுங்கே “முடி”யையும் “முடிவு”ஐயும் பிரித்துக் காப்பது. துண்டு தவறான இடத்தில் வெட்டப்பட்டால் நிறம் மட்டும் பிழையாவதில்லை. மெய்யிலிருந்து உயிர்க்குறி பிரிந்து, சேர வேண்டிய இடத்தில் சேராமல், புள்ளி வட்டத்தோடு தனியே தோன்றவும் கூடும். தமிழ் எழுத்தின் உருவமே சிதைவதைப் பார்த்துக்கொண்டு, அதைச் சிறிய பிழை என்று கடந்துபோக என்னால் இயலவில்லை.

கூறுகள் பிரிந்தபின் வேலை எளிதாகிறது. இந்த இடத்தில் நல்ல கருவிகள் எல்லாம் ஒரே ஒழுங்கைப் பின்பற்றுகின்றன: பிரிப்பதும், உடை அணிவிப்பதும், ஆவணமாக எழுதுவதும் தனித்தனி வேலைகள். லொரென்சோ பெத்தினி உருவாக்கிய குனு சோர்ஸ்-ஹைலைட் என்னும் கருவியில் மொழியின் விதிகள் ஒரு கோப்பிலும், எந்த வகைக்கு எந்த நிறம் என்பது வேறொரு கோப்பிலும் இருக்கும். அதே நிரலை இணையப் பக்கத்துக்குரிய எச்.ரி.எம்.எல். ஆகவோ அச்சு ஆவணத்துக்குரிய லாடெக் ஆகவோ வெளியிடலாம். 2006இல் கேயோர்க் பிராண்டல் தொடங்கிய பிக்மென்ட்ஸ் பைதனில் எழுதப்பட்டது. 500க்கும் மேற்பட்ட மொழிகளுக்கான பகுப்பான்கள் அதில் உள்ளன, எழிலுக்கானதும் அவற்றுள் ஒன்று. “முடி” ஓர் ஒதுக்கப்பட்ட சொல் என்ற தீர்மானம் ஒருமுறை எடுக்கப்படுகிறது. அது திரையில் நீலமாக நிற்பதா, தாளில் தடித்து நிற்பதா என்பது பிறகு, வெளியிடும் இடத்தைப் பார்த்து முடிவாகிறது. மூதூர் மாணவரின் பக்கங்கள் கறுத்துப்போனதற்குக் காரணம், திரைக்காக எடுக்கப்பட்ட முடிவைப் படமாக உறையவைத்துத் தாளுக்கு அனுப்பியதே. படத்தில் கூறுகள் இல்லை. புள்ளிகள் மட்டுமே உண்டு. அதிலிருந்து ஒரு வரியை நகலெடுக்கவோ, தேடவோ, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளிடம் ஒப்படைக்கவோ முடியாது.

இணையத்துக்கு எழுதும்போது முதலில் செய்ய வேண்டியது நிறமன்று, காப்பு. எச்.ரி.எம்.எல். கோண அடைப்புகளைத் தன் குறிச்சொற்களாகவே படிக்கும். சி மொழியில் நிரலின் தலையில் கோண அடைப்புக்குள் எழுதும் தலைப்புக் கோப்பின் பெயர், அப்படியே இணையப் பக்கத்தில் ஒட்டினால், உலாவிக்குத் தெரியாத ஏதோ குறிச்சொல்லாகக் கொள்ளப்பட்டுக் கண்ணிலிருந்து மறைந்துபோகும். படிப்பவர் அந்த வரியை நகலெடுத்து இயக்கினால் பிழை வரும், காரணம் புரியாது. ஆகவே < என்ற குறியையும் & என்ற குறியையும் அவற்றுக்குரிய மாற்றுக் குறியீடுகளாக முதலில் மாற்ற வேண்டும். கருவிகள் இதைத் தாமே செய்துவிடுகின்றன. கையால் ஒட்டுபவர்கள்தான் மறந்துவிடுகிறார்கள்.

பிறகு நிரல் முழுவதும், வெற்றிடங்களையும் வரி முறிவுகளையும் உள்ளவாறே காக்கும் பிரீ குறிச்சொல்லுக்குள் வைக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறும் ஸ்பான் குறிச்சொல்லால் சூழப்பட்டு, “ஒதுக்கப்பட்ட சொல்”, “சரம்”, “குறிப்பு” என்பதைப் போன்ற ஒரு வகுப்புப் பெயரைப் பெறுகிறது. நிறம் என்ன என்பது, பக்கத்தின் தோற்றத்தைக் குறிக்கும் நடைத்தாளில் ஒரேயொரு முறை எழுதப்படுகிறது. ஒவ்வொரு ஸ்பானுக்குள்ளும் நிறத்தை நேரடியாக எழுதும் வழியும் உண்டு. நடைத்தாளை ஏற்காத மின்னஞ்சல் போன்ற இடங்களில் அது தேவைப்படும். மற்ற எல்லா இடங்களிலும் வகுப்புப் பெயரையே விரும்புவேன், ஏனெனில் நாளை நிறத்தை மாற்ற நினைத்தால் ஒரு வரியை மாற்றினால் போதும். நிறங்களைத் தேர்வு செய்யும்போது, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதலில் உள்ள அளவு. குறிப்புகளுக்கு மங்கலான சாம்பல் நிறத்தைப் பூசும் பல ஆயத்த நடைகள் இதில் தவறிவிடுகின்றன.

ஹைலைட் ஜேஎஸ், பிரிசம் போன்றவை பக்கம் திறந்தபின் படிப்பவரின் உலாவியிலேயே நிறமூட்டுகின்றன. பயன்படுத்த எளியவை, ஆனால் நிரற்கோப்பு இறங்கி முடியும்வரை நிறம் வராது. கைப்பேசியில், அலைவரிசை பலவீனமான இடத்திலிருந்து படிக்கும் மாணவர்களை மனத்தில் வைத்து, முன்கூட்டியே நிறமூட்டிய பக்கத்தையே நான் பகிர்கிறேன். வரி எண்கள் சேர்ப்பதாயின், நிரலை நகலெடுக்கும்போது அவையும் சேர்ந்து வராத வகையில் தனி நெடுவரிசையில், அட்டவணையின் தனிக் கட்டத்தில் வைக்க வேண்டும்.

அச்சில் இடம்தான் முதற் கேள்வி. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். இருபுறமும் 25 மில்லிமீற்றர் விட்டால் எழுத்துக்கு 160 எஞ்சும். கூரியர் என்னும் சம அகல எழுத்துருவில் ஓர் எழுத்தின் அகலம் அதன் அளவில் பத்தில் ஆறு பங்கு. 10 புள்ளி அளவில் அச்சிட்டால் ஒரு வரியில் 75 எழுத்துகளும், 9 புள்ளியில் 83 எழுத்துகளும் அடங்கும். பைதனின் நடை வழிகாட்டி ஒரு வரிக்கு 79 எழுத்துகள் என்று எல்லை இடுவதால், 9 புள்ளியே அதற்குப் பொருந்தும் அளவு. எல்லையைத் தாண்டும் வரிகளை இயந்திரம் உடைக்க விடாமல், நிரலை எழுதியவரே பொருளறிந்து உடைப்பது நல்லது. உள்தள்ளலே இலக்கணமாகிய பைதனில் தவறாக உடைந்த வரி படிப்பவரைத் திசைதிருப்பும். தாவல் விசையால் தள்ளிய இடங்கள் அச்சில் எட்டு எழுத்து அகலம் வரை விரியக்கூடும் என்பதால், அவற்றை முன்கூட்டியே நான்கு வெற்றிடங்களாக மாற்றிவிடுங்கள். தமிழ் எழுத்துகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: ண, ழ, ர, ட ஆகியவற்றின் அகலங்கள் வெவ்வேறு, ஆகவே தமிழ் நிரலில் நெடுவரிசையாக எதையும் அடுக்கிக் காட்ட முயலாமல் இடப்பக்க உள்தள்ளலை மட்டும் நம்ப வேண்டும்.

அடுத்தது நிறம். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை லேசர் அச்சே எடுக்கிறோம். அதில் சிவப்பும் பச்சையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழலாம். மஞ்சள் தாளிலேயே கரைந்துவிடும். அல்கோல் காலத்து வழி இங்கே மீண்டும் பயன்படுகிறது: ஒதுக்கப்பட்ட சொல்லுக்குத் தடிப்பு, குறிப்புக்குச் சாய்வு, மற்றவை சாதாரணமாக. பிக்மென்ட்ஸில் கறுப்பு வெள்ளை அச்சுக்கென்றே ஒரு நடை உண்டு. இணையப் பக்கத்தையே அச்சிடுவதாயின், நடைத்தாளில் அச்சுக்கு மட்டும் உரிய பகுதி ஒன்றைச் சேர்த்து, அங்கே கரும் பின்புலத்தை நீக்கி எழுத்தைக் கறுப்பாக்கலாம். உலாவிகள் பின்புல நிறத்தை இயல்பாக அச்சிடுவதில்லை என்பதால், இதைச் செய்யாவிட்டால் இருண்ட திரைக்கென வெளிறிய நிறத்தில் எழுதிய எழுத்து வெள்ளைத் தாளில் மங்கிப்போகக்கூடும்.

அறிக்கையை வேர்ட் செயலியில் எழுதுபவர்கள் பிக்மென்ட்ஸிலிருந்து எழுத்தின் தோற்றத்தையும் சேர்த்துக் காக்கும் ஆர்.ரி.எப். வடிவில் வெளியிட்டு, அதைத் திறந்து நகலெடுத்து ஒட்டலாம். தடிப்பும் சாய்வும் எழுத்தாகவே வந்து சேரும். ஒட்டியபின் அந்த நிரலைத் திருத்த நேர்ந்தால், வேர்ட் நேரான மேற்கோள்களை வளைந்த மேற்கோள்களாக மாற்றிவிடும் என்பதைக் கவனியுங்கள். வளைந்த மேற்கோளைப் பைதன் ஏற்காது. லாடெக் பயன்படுத்துவோருக்கு லிஸ்டிங்ஸ் என்னும் பொதி நெடுங்காலமாகக் கைகொடுத்து வந்திருக்கிறது. ஆனால் ஓர் எழுத்து பல பைட்டுகளாக அமையும்போது அது தடுமாறும், தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட்டுகள். பிக்மென்ட்ஸைப் பின்னணியில் அழைக்கும் மின்டெட் பொதியை, தமிழ் எழுத்துருவைக் குறிப்பிட்டு, யூனிகோடை நேரடியாக ஏற்கும் லாடெக் வடிவங்களாகிய ஸீலாடெக்கிலோ லுவாலாடெக்கிலோ இயக்குவதே நம் மொழிக்கு ஏற்ற வழி.

மாணவரின் நிரலை நாங்கள் ஆர்.ரி.எப். வழியாகவே எடுத்தோம். 9 புள்ளியில், கறுப்பு வெள்ளை நடையில், இடப்பக்கத்தில் வரி எண்களோடு எட்டுப் பக்கங்கள் நான்காயின. ஒரு வரி மட்டும் 91 எழுத்துகள் நீண்டு ஓரத்தைக் கடந்து மடிந்திருந்தது. அடைப்புக்குள் இருந்த காற்புள்ளிக்குப் பிறகு அதை அவரே உடைத்து, இரண்டாம் பாதியை மேல் வரியின் அடைப்புக்கு நேராக நிறுத்தி, அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி அச்சிட்டு வந்தார்.